கடலும் வேண்டும், காட்டுயிரும் வேண்டும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் எங்கே போவது?

மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் உறவினர்கள் முதல் இரண்டு நாளும் நித்திரை கொள்வார்கள். மூன்றாம் நாள் காலைத் தேநீரோடு கேள்வி வரும். "ஒரு நாள்தான் மிச்சம் இருக்கிறது. கடலில் கால் நனைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு மிருகம், பறவை ஏதாவது காட்ட வேண்டும். சுண்டிக்குளமா, நெடுந்தீவா, மன்னாரா?" அந்த வரிசையில் யாராவது ஒருவர் வில்பத்தையும் சேர்த்துவிடுவார். எங்கள் வீடு பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாத பயண முகவர் நிலையமாகவே இயங்குகிறது. நாலு இடத்துக்கும் போய், இரண்டு இடத்தில் வகையாக மாட்டிக்கொண்டு கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## முதலில் காற்றைப் பாருங்கள்

எந்த இடம் அழகு என்று தொடங்கினால் விவாதம் முடியாது. எந்த மாதம், எந்தக் காற்று என்று தொடங்கினால் பாதி விடை தானாக வந்துவிடும்.

ஐப்பசி தொடக்கம் தை வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. மழையைக் கொண்டுவருவதும் அதுதான். வடக்கே குளிர் தொடங்கியதும் புறப்படும் வலசைப் பறவைகள் நம் களப்புகளில் இறங்குவதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் அதே வாடை வடமராட்சி கிழக்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். கிழக்குக் கடல் எண்ணெய் வார்த்ததுபோல் அடங்கிக் கிடக்கும்; தீவுப் பக்கக் கடல் துள்ளும்; களப்பு வற்றி வெடித்த சேறாகிவிடும். வந்த பறவைகளில் பெரும்பகுதி திரும்பிப் போயிருக்கும்.

அதாவது, கிழக்குக் கரையில் பறவை இருக்கும்போது கடலில் இறங்க முடியாது; கடலில் இறங்க முடியும்போது பறவை இல்லை. இரண்டும் ஓரளவு சேர்ந்து கிடைப்பது மாசியிலும் பங்குனியின் முதற்பாதியிலும் மட்டுமே. சுற்றுலாப் படங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு மார்கழியில் வந்து ஏமாறுபவர்களே அதிகம்.

அடுத்து, வான் வண்டியில் யார் ஏறுகிறார்கள்? முழங்கால் வலியுள்ள பெரியம்மாவும், ஐந்து வயதுப் பிள்ளையும், விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பவே மாட்டேன் என்கிற பதின்ம வயதினரும் ஒரே வண்டியில் என்றால் தெரிவு சுருங்கிவிடும். மூன்றாவதாக, திரும்பும் நேரம் உங்கள் கையில் இருக்கிறதா, இன்னொருவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். வான் வாடகையை எல்லோரும் விசாரிக்கிறார்கள்; அதற்குப் பிறகு வரும் செலவுகளை யாரும் கேட்பதில்லை.

பெயரை வைத்து எடை போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். சுண்டிக்குளம், நெடுந்தீவு, தலைமன்னாருக்கு அப்பால் உள்ள இராமர் அணைத் திட்டுகள் ஆகிய மூன்றும் 2015 ஜூன் 22ஆம் திகதி, ஒரே நாளில், தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆனால் யாலவில் உள்ளதுபோல் வாசலும் ஜீப் வரிசையும் வழிகாட்டியும் இங்கெல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

## சுண்டிக்குளம்

1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம். பூங்காவின் பரப்பு இன்று 19,500 ஹெக்டேயருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் இயக்கச்சி வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கட்டைக்காடு வழியாகக் கடற்கரையோடு தெற்கே இறங்க வேண்டும். தூரம் அறுபது கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். ஏ9இல் பறக்கும் வண்டி இயக்கச்சிக்குப் பிறகு ஊரத் தொடங்கும்.

ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். கண்டல், பனை, பற்றைக்காடு எல்லாம் அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே மாறி மாறி வரும். கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து ஆகியவற்றைப் பருவத்தில் காணலாம். எல்லோரும் தேடி வருவது பூநாரையை. முதல் தடவை நான் அதைப் பறவை என்றே நினைக்கவில்லை. நீருக்கு மேலே தூரத்தில் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு கோடு, யாரோ சேலையை உலர்த்தக் கட்டியதுபோல் இருந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோதுதான் கோடு கால்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகின் மேற்பகுதி சேற்றைத் தடவும்படி இடமும் வலமும் அசைத்துக்கொண்டு மெல்ல நடந்தது. சேற்றுநீரை வடித்து அதில் உள்ள சிற்றுயிர்களைத் தின்னும் பறவை அது. அதற்காகவே அலகு வளைந்திருக்கிறது. பிள்ளைகள் அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடவில்லை. தொலைநோக்கி இல்லாமல் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் "அவ்வளவுதானா?" என்றிருப்பார்கள். எங்கிருந்தாவது ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.

சிறுத்தையும் கரடியும் இந்தப் பூங்காவின் உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளைகளிடம் அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டாதீர்கள். பகலில் போய்வரும் ஒருவருக்கு அவை தென்படும் வாய்ப்பு மிகக் குறைவு. முதலை அப்படியல்ல, களப்புத் தண்ணீர் ஆழமில்லாததுபோல் தெரிந்தாலும் அதில் இறங்கி விளையாட விடக்கூடாது.

கடல் அழகானது, ஆளில்லாதது. அதுவே அதன் அபாயமும். திறந்த கடல்; கரை சட்டென்று சரியும்; உயிர்காப்பாளர் கிடையாது. சோளக காலத்தில் மீனவர் வாடிகள் இருக்கும் பகுதியில் குளிக்கலாம், கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம். வாடைக் காலத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மறைந்த செலவுகள் இங்கே பணமாக வருவதில்லை. மலசலகூடம் கிடைப்பது அரிது. பெண்கள் இருந்தால் இயக்கச்சியிலேயே அதை முடித்துக்கொள்வது நல்லது. கடை இல்லை, நிழல் இல்லை, குடிநீர் நீங்கள் கொண்டுபோவதுதான். போர் நடந்த மண் என்பதால் வண்டித்தடத்தை விட்டுப் பற்றைக்குள் நடக்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை கண்டால் அத்தோடு திரும்பிவிடுங்கள்.

மணலை மறக்கக்கூடாது. ஒருமுறை பத்துப் பேரோடு போன எங்கள் ஹையேஸ் வான், தடத்திலிருந்து ஒரு முழம் விலகியதும் பின்சக்கரத்தைப் புதைத்துக்கொண்டது. சாரதித் தம்பி அழுத்த அழுத்தச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டியது. வழியில் வந்த மீனவர் ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "முதலில் டயரில் காற்றைக் குறையுங்கள் தம்பி, பிறகு தள்ளலாம்" என்றார். குறைத்தோம். தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்தும் விட்டார். பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். சோற்றுப் பொதி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிய மணி பதினொன்று. பறவைகள் எங்கேயோ தூரம் போயிருந்தன.

திரும்பும்போது மருதங்கேணிப் பக்கமாக வந்தால் உடுத்துறையில் 2004 சுனாமி நினைவாலயம் இருக்கிறது. இறங்கி ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

பறவை பார்ப்பதற்காகவே வருபவர்களுக்கு, நான்கு மணிக்கு எழும்பும் மனமுள்ளவர்களுக்கு, சிறிய குழுவுக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. கடற்குளிப்பே பிரதானம் என்றால் வாடைக் காலத்தில் இதைத் தெரிவு செய்யாதீர்கள்.

## நெடுந்தீவு

பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போதே நாள் தொடங்கிவிடுகிறது. இரு பக்கமும் ஆழமில்லாக் கடல், சிறகுவலைக் கம்புகள், அவற்றின் உச்சியில் இறகு உலர்த்தும் நீர்க்காகங்கள். வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வடதாரகை, குமுதினி என்ற பெயர்கள் ஊரறிந்தவை. மாவிலித்துறையில் இறங்குபவர்களில் வயதானவர்கள் ஒரு கணம் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் பயணிகள் படுகொலை செய்யப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை.

இங்கே காட்டுயிர் என்றால் குதிரை. கறாராகப் பேசுபவர்கள் இதைக் காட்டுயிர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். அந்த இலாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் தெற்கே விரியும் வெளியில், முருகைக்கல் மதிலில் கழுத்தை உரசிக்கொண்டு நிற்கும் கட்டைக் குதிரையையும் அதன் வயிற்றுக்கடியில் ஒண்டிய குட்டியையும் கண்ட பிள்ளைக்கு இந்த வரலாறெல்லாம் எதற்கு? பூநாரையைப்போல் தொலைநோக்கியும் வேண்டாம். ஐம்பதடி தூரத்தில் நின்றே பார்க்கலாம். அதைவிட நெருங்க வேண்டாம், உணவும் கொடுக்க வேண்டாம். ஆவணியை ஒட்டிய வறட்சியில் போனால் விலா எலும்பு தெரியும் குதிரைகளைக் காண நேரும். குட்டைகள் வற்றித் தண்ணீருக்கு அலையும் காலம் அது. மனம் இளகியவர்கள் மாசிக்குப் போவது நல்லது.

கடல் ஆழமில்லாமல், கண்ணாடிபோல் இருக்கும். அடியில் முருகைக்கல் என்பதால் செருப்பில்லாமல் இறங்கினால் கால் கிழியும். பெருக்கமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவு, புறாக்கூடு எல்லாம் வழியிலேயே வந்துவிடும். சாராப்பிட்டியின் நல்ல தண்ணீர்க் கிணறுகளைப் பார்த்தால், இந்தத் தீவில் தண்ணீர் எவ்வளவு பெறுமதி என்பது விளங்கும்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். யாழ்ப்பாணத்தில் நாள் வாடகைக்கு எடுத்த வான் குறிகாட்டுவானில் சும்மா நிற்கும். தீவுக்குள் முச்சக்கரவண்டியோ பிக்கப்போ இன்னொரு வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அதனால் நான்கு பேருக்குக் குறைவாகப் போனால் வானை விட்டுவிட்டு பஸ்ஸில் குறிகாட்டுவானுக்குப் போவதையே நான் சொல்வேன். படகுக் கட்டணம் சொற்பம்.

இன்னொரு செலவு, உங்கள் நேரம் உங்கள் கையில் இல்லாதது. பிற்பகல் படகைத் தவறவிட்டால் அன்றிரவு தீவில்தான். படகு நேரம் மாறும். கடல் மோசமானால் நின்றும் போகும். முதல் நாள் மாலையிலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும் ஆனி மாதத்திலும், கச்சதீவு அந்தோனியார் திருவிழாவை ஒட்டிய நாட்களிலும் குறிகாட்டுவானில் நிற்க இடமிருக்காது. பெரியம்மா முன்பு ஒருமுறை வந்தபோது துறையிலிருந்து ஆடும் படகுக்குள் கால் வைக்க முடியாமல் பத்து நிமிடம் நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஓர் அடி அகலமே நெடுந்தூரம்.

பன்னிரண்டு வயதைச் சுற்றிய பிள்ளைகள், மாசி மாதம், அலுத்துக்கொள்ளாத பெரியவர்கள் என்று மூன்றும் சேர்ந்தால் நெடுந்தீவுக்குப் போட்டியே இல்லை. சோளகத்தில் வாந்தி நிச்சயம். தேசிக்காயும் பையும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது போகாதீர்கள்.

## மன்னார்

பல காலம் இதை நான் பட்டியலிலேயே சேர்த்ததில்லை. நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கழுதை பார்ப்பதா என்ற இளக்காரம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு பூநகரி வழியாக ஏ32இல் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். இப்போது என் கருத்தை முற்றாக மாற்றிக்கொண்டுவிட்டேன். காரணம் மறுபடியும் காற்றுத்தான்.

மன்னார் தீவுக்கு இரண்டு கரை. வாடை வீசும்போது வடக்கே பேசாலைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். தெற்கே தாழ்வுபாட்டுப் பக்கம் ஒதுக்காக இருக்கும். சோளகத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். எனவே பறவைகள் வந்திருக்கும் அதே மார்கழியில், புயல் எச்சரிக்கை இல்லாத நாளில், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கக்கூடிய ஒரே இடம் நம் பக்கத்தில் இதுதான்.

பறவைக்கு வங்காலை. 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இந்தியாவைக் கடந்து வருபவை இலங்கையில் முதலில் கால்வைக்கும் இடங்களுள் ஒன்று. திரும்பிப் போகும்போது கடைசியாகத் தங்குவதும் இங்கேதான். மன்னார்ப் பாலத்துக்குப் போகும் தாம்போதியில் இருபுறமும் பாருங்கள். சில ஆண்டுகளில் பூநாரைகள் வீதியிலிருந்தே தெரியும். வண்டியை விட்டு இறங்காமல் பெரியம்மாவும் பார்த்துவிடுவார். மணலும் இல்லை, படகும் இல்லை. நகரில் சாப்பாட்டுக்கடை, மருந்துக்கடை, மலசலகூடம் எல்லாம் உண்டு.

கழுதைகள் வீதியில் தாராளமாகத் திரியும். அவற்றைப் பார்த்துக் குழந்தைகள் அடைந்த மகிழ்ச்சி என் இளக்காரத்துக்குக் கிடைத்த தண்டனை. பள்ளிமுனைப் பெருக்கமரம் ஐந்து நிமிட வேலை.

தலைமன்னார் வரை போக வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். நகரிலிருந்து இன்னும் முப்பது கிலோமீற்றர். பழைய இறங்குதுறையில் நின்று கடலைப் பார்க்கலாம். இராமர் அணைத் திட்டுகளுக்குப் படகில் போவது வேறு ஏற்பாடு, முன்கூட்டிப் பேசாமல் நடக்காது. தெற்குக் கரையில் வரிசையாக நிற்கும் தம்பபவனி காற்று மின் நிலையத்தின் முப்பது காற்றாலைகள் சிலருக்கு அழகு, வலசைப் பறவைகளை நினைப்பவர்களுக்குக் கவலை.

செலவு பெற்றோலில் வரும். போக்குவரத்திலேயே ஐந்து மணி நேரம் கரையும். இரவில் ஏ32இல் படுத்திருக்கும் மாடுகளை மனதில் வைத்து, பொழுது சாயும்முன் பூநகரியைத் தாண்டப் பாருங்கள்.

## வில்பத்து

1938இல் தேசியப் பூங்காவான இது இலங்கையிலேயே மிகப் பெரியது. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். சிறுத்தை, கரடி, யானை, 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகள், கடலோரத்தில் குதிரைமலை என்று எல்லாமே உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் தாண்டிப் போய், வாசலில் விடியற்காலையில் நிற்க வேண்டும். ஒரே நாளில் போய்வருகிறேன் என்பவரிடம் நான் வாதாடுவதில்லை. சாரதியை நினைத்து இரக்கப்படுவதோடு சரி.

நுழைவுச்சீட்டோடு வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, ஜீப் வாடகை எல்லாம் சேரும். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தின் பல மடங்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றாலும் கையில் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் வெளிநாட்டவராகவே கணக்கிடப்படுவீர்கள். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்த மைத்துனர் ஒருவர் வாசலில் தன் தமிழ் உச்சரிப்பை ஆதாரமாகக் காட்ட முயன்றார், பலிக்கவில்லை. குதிரைமலையில் செம்மண் மேட்டிலிருந்து கடலைப் பார்க்கலாம். குளிக்கும் கரையாக எண்ண வேண்டாம். ஓர் இரவு தங்க முடிந்தால் போங்கள், சிறுத்தைக்கு அதுதான் இடம்.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| | சுண்டிக்குளம் | நெடுந்தீவு | மன்னார் | வில்பத்து |
|---|---|---|---|---|
| நல்ல காலம் | கார்த்திகை–பங்குனி | மாசி–பங்குனி | கார்த்திகை–பங்குனி | வறண்ட மாதங்கள் |
| கடலில் இறங்க | சோளகத்தில்; மாசியில் ஓரளவு | காற்றில்லாத நாளில், செருப்போடு | காற்றுக்கு மறுபக்கக் கரையில் | பார்க்க மட்டும் |
| பிள்ளைகள் காண்பது | பூநாரை, தொலைநோக்கி இருந்தால் | குதிரை, அருகிலேயே | நீர்ப்பறவை, கழுதை | மான், யானை. சிறுத்தை அதிர்ஷ்டம் |
| திரும்பும் நேரம் | உங்கள் கையில், மணல் விட்டால் | படகின் கையில் | உங்கள் கையில் | பூங்கா விதிகளின் கையில் |
| எதிர்பாராத செலவு | வசதியின்மை | இரண்டாவது வாடகை | பெற்றோல், நேரம் | கட்டணங்கள், தங்குமிடம் |

## இந்த மார்கழிக்கு

எங்கள் வீட்டுக் கணக்கு இது: பதினொரு பேர், அவர்களில் மூன்று சிறுவர், முழங்கால் வலியோடு பெரியம்மா, திகதி நத்தாருக்கு இரண்டு நாள் கழித்து. வாடை உச்சத்தில் இருக்கும் என்பதால் நெடுந்தீவு முதலில் விழுந்தது. சுண்டிக்குளத்துக்கு நானும் மூத்த மகனும் மட்டும் வேறொரு நாள் மோட்டார் சைக்கிளில் போவதாக முடிவு. எல்லோரும் சேர்ந்து மன்னாருக்கு. விடியற்காலை நாலரைக்கு வான், பதினொரு சோற்றுப் பொதிகள், பக்கத்து வீட்டு ஆசிரியரின் தொலைநோக்கி, தாழ்வுபாட்டுக் கரைக்கு மாற்றுடைகள்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மன்னார் என்றதும் பெரியம்மா திருக்கேதீச்சரத்தில் காலைப்பூசை காண வேண்டும் என்கிறார். வழியில்தான் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் பூசை நேரமும் வங்காலையில் பறவை நெருங்கி மேயும் நேரமும் ஒன்று. கோயிலைப் பிற்பகலுக்குத் தள்ளினால் நடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், பிள்ளைகளின் குளிப்பு போய்விடும். பெரியம்மாவைக் கோயிலில் இறக்கிவிட்டு நாங்கள் மட்டும் வங்காலைக்குப் போய்வரலாம் என்றேன். "என்னைத் தனியே விட்டுவிட்டுக் கொக்குப் பார்க்கப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். வான்காரருக்கு நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.